சிலுப்பாத கிடா

பேய், பில்லி சூனியம், சாமி வந்து ஆடுவது, மந்திரித்த கயிறு, இதில் எதையும் நான் நம்பியவள் இல்லை. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னை எப்படிப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், என் வீட்டுக்காரரே அப்படித்தான் பார்த்தார். முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை பார்த்தவளுக்குப் பேயை நம்ப நேரம் ஏது? இருட்டில் யாராவது முனகினால் எனக்குப் பேய் ஞாபகம் வராது, யாருக்கோ பாத்ரூம் போக வேண்டும் என்பதுதான் ஞாபகம் வரும். நான் கடற்கரைக் குடும்பத்துப் பெண். அப்பாவும் அண்ணன்களும் கடலுக்குக் கிளம்பும்போது அம்மா படகுக்குக் கற்பூரம் காட்டுவாள், எனக்கு அந்த நேரத்தில் கொட்டாவிதான் வரும். அப்படிப்பட்ட என் கண் முன்னால் போய் இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில், சோறு போட்டு முடித்த நேரத்தில்.

கோட்டுச்சேரியில் மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது எங்கள் இல்லம். சுனாமிக்குப் பிறகு ஒரு டிரஸ்ட் கட்டியது. ஆண்களுக்கு ஒரு ஹால், பெண்களுக்கு ஒரு ஹால், நடுவில் சமையல்கட்டு, பின்னால் ஒரு கொய்யா மரம், ஒரு அடிபம்பு, கொஞ்சம் சிமென்ட் தரை. நர்ஸ் என்று நான் ஒருத்திதான். எல்லோரும் சிஸ்டர் என்றே கூப்பிடுவார்கள், பாதிப் பேருக்கு என் பெயரே தெரியாது. அங்கேதான் கலியபெருமாள் ஐயாவைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அம்பகரத்தூர்ப் பக்கம் விவசாயம் பார்த்த மனிதர், பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மகன் ராஜேந்திரனுக்குக் காரைக்காலில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை, வாடகைக்கு மாடி வீடு, மருமகளும் வேலைக்குப் போகிறாள், படுத்த படுக்கையாகக் கிடக்கிறவரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ராஜேந்திரனைக் குறை சொல்ல மாட்டேன். வாரம் தவறாமல் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போவார். அவரைத் தேற்றி அனுப்புவதும் என் வேலையோடு சேர்ந்துவிட்டது.

ஐயா யாரிடமும் பேசவில்லை. கொஞ்சம் குழறும், ஆனால் பேச்சு வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், இவர்தான் வாயைத் திறக்கவில்லை. தினமும் தூக்கி நிறுத்துவேன், வெட்டிய வாழை மாதிரி என் மேலேயே சாய்வார். கெஞ்சிப் பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன், கடைசியில் எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். சோறு இரண்டு வாய், மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்தபடி படுக்கை. இப்படிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்கள் பல பேரை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் எந்த வழியில் போவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு கத்தினேன்.

இந்த லட்சணத்தில் ஒரு நாள் ராஜேந்திரன் லோடு ஆட்டோவில் ஒரு கறுப்புக் கிடாவோடு வந்து இறங்கினார். விஷயம் என்னவென்றால், அப்பா விழுந்த அன்றைக்கே மனிதர் குலசாமியிடம் ஓடியிருக்கிறார். அம்பகரத்தூர் தாண்டி வயலுக்கு நடுவில் இருக்கிற ஒரு முனீஸ்வரன். அப்பா எழுந்து நடந்தால் கிடா வெட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டு, குட்டியாக வாங்கி, காதைக் கீறி நேர்ந்து விட்டாயிற்று. அதை மாடியில் வளர்த்திருக்கிறார், அது வீட்டுச் சொந்தக்காரம்மாவின் கொடித் துணியைத் தின்றுவிட்டது. "ஒரு வாரம் மட்டும் இங்க கட்டிக்கிறேன் சிஸ்டர், வேற எடம் பாத்துடுறேன்" என்றார். இந்த ஒரு வாரம் என்கிற வார்த்தையைக் கண்டுபிடித்தவன் மட்டும் என் கையில் கிடைக்க வேண்டும்.

நேர்ந்து விட்ட ஆட்டை அடிக்கக் கூடாது, விற்கக் கூடாது, அதற்குப் பதில் வேறு ஆட்டைக் கொடுக்கவும் கூடாது. வெட்டுகிற அன்றைக்கு அதைச் சாமி முன்னால் நிறுத்தி, தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆடு உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். அது சிலுப்புகிறவரை அரிவாளைத் தூக்க மாட்டார்கள். தலையில் தண்ணீர் விழுந்தால் எந்த ஆடுதான் சிலுப்பாது? உத்தரவாவது மண்ணாவது என்று நான் அப்போதெல்லாம் சொல்வேன்.

கிடா வந்த பிறகு எனக்கு உட்கார நேரமில்லை. தினசரி காலண்டரில் தேதியைத் தின்றது. போர்வை ஓரத்தைத் தின்றது. மாத்திரை அட்டையை மென்றுவிட்டது, அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் சாமி குத்தம் என்று நான்தான் பயந்து நின்றேன், அது பாட்டுக்கு அடுத்த அட்டையைத் தேடியது. புழுக்கையைக் கூட்டிக் கூட்டி என் இடுப்பு போனது. அடிக்கவும் கூடாதே, நேர்ந்த ஆடு. நான் திட்டினால் அது என்னை ஏற இறங்கப் பார்க்கும், டிரஸ்ட் ஆட்கள் மேற்பார்வைக்கு வந்தால் பார்ப்பார்களே, அப்படி.

ஒரு நாள் கயிற்றை அறுத்துக்கொண்டு நேராக ஆண்கள் ஹாலுக்குள் போய்விட்டது. நான் தரை துடைக்கிற மாப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். ஐயாவின் விழுந்த கையில் நான் காலையில் திணித்துவிட்டுப் போன வாழைப்பழம் அப்படியே இருந்தது. கிடா அந்தக் கையில் வாயை வைத்து, பழத்தை விட்டுவிட்டுத் தோலை இழுத்தது. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார். "டேய், பழத்தத் தின்னுடா, தோலப் போயி திங்கிற" என்றார்.

நான் மாப்போடு அப்படியே நின்றேன். எத்தனை மாதம் கெஞ்சியிருப்பேன். எனக்கு ஒரு "உம்" கொடுக்காத மனிதர் ஒரு ஆட்டுக்குப் புத்தி சொல்கிறார். சந்தோஷத்தில் அழுகை வந்தது உண்மை, அதே நேரத்தில் அந்த மாப்பை எடுத்து இரண்டு பேரையும் ஒரு போடு போடலாமா என்று வந்ததும் உண்மை.

அதற்குப் பிறகு கிடாவின் இடம் ஐயாவின் கட்டிலடி என்று ஆகிவிட்டது. அதன் முதுகில் கை வைத்துக்கொண்டுதான் அவர் தூங்குவார். அதற்கு ஒரு உருண்டை, தனக்கு ஒரு உருண்டை என்று தட்டு காலியாகும். பக்கத்துக் கட்டில் ஆரோக்கியசாமி ஐயா, பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்தவர், எங்கள் பக்கம் சொல்தா என்போம், பிள்ளைகளெல்லாம் பாரிஸில். அவர் முதலில் ஆடு இருக்கிற இடத்தில் மனிதன் இருப்பானா என்று சத்தம் போட்டவர், கொஞ்ச நாளில் ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துத் தலையணைக்கு அடியில் வைத்திருந்து அதற்குக் கொடுக்க ஆரம்பித்தார். "அலே, அலே" என்று பிரெஞ்சில் விரட்டினால் மட்டும் கிடா நகரும், என் தமிழுக்கு நகராது. பெண்கள் ஹாலில் எப்போதும் சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர், அதற்கு யார் கீரைத்தண்டு கொடுப்பது என்று சண்டை போட்டு, அப்புறம் சேர்ந்தே கொடுத்தார்கள். தூக்க மாத்திரை கேட்பது குறைந்தது, பிரஷர் எல்லோருக்கும் ஒழுங்காக இருந்தது. வாரம் ஒரு முறை வருகிற டாக்டர், வெளிநாட்டில் இதற்கென்றே நாய் பழக்குகிறார்கள் சிஸ்டர், உங்களுக்கு அதிர்ஷ்டம் தானாக வந்திருக்கிறது என்று சிரித்தார். அவர் புழுக்கை கூட்ட மாட்டார் அல்லவா, சொல்லத்தான் செய்வார்.

கிடா கொய்யா மரத்தடிக்குப் போனால் ஐயாவுக்கு இருப்புக்கொள்ளாது. முதலில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தார். பிறகு வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசற்படிவரை வந்தார். பிறகு ஒரு காலை இழுத்து இழுத்து, வாக்கர் இல்லாமலே, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்கட்டில் நடந்தார். ஒரு காலையில் ராஜேந்திரன் பழப் பையோடு வந்து நிற்கும்போது அப்பா அடிபம்பு பக்கத்தில் கிடாவோடு நடந்துகொண்டிருக்கிறார். பை கீழே விழுந்தது. மனிதர் சிமென்ட் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து அழுதார். "முனீஸ்வரன் கண்ணத் தொறந்துட்டான் சிஸ்டர், எங்கப்பா நடந்துட்டாங்க." நானும் சிரித்துக்கொண்டேதான் ஐயாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் மகனைப் பார்க்கவில்லை. கிடாவின் கீறிய காதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

மறுநாள் காலையில் ஐயா எழுந்திருக்கவில்லை. கால் வரவில்லை என்றார். டாக்டர் பார்த்துவிட்டு, கால் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, நடிக்கிறீங்களா ஐயா என்று கேட்டே விட்டேன். அவர் கிடாவின் தாடையைச் சொறிந்துகொண்டே, "நான் நடந்தா இத வெட்டிப்புடுவான்லம்மா" என்றார். நடந்ததைத்தான் உங்கள் மகன் பார்த்துவிட்டாரே என்றேன். "விழுந்துட்டேன்னு சொல்லிடு." சொன்னபடியே மறுபடி படுத்துக்கொண்டார், சோற்றையும் விட்டார்.

ராஜேந்திரனிடம் என்னால் முடிந்தவரை மல்லுக்கட்டினேன். வேறு ஆடு வாங்கி வெட்டுங்கள், இல்லாவிட்டால் கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுங்கள், இது போனால் உங்கள் அப்பாவும் போய்விடுவார் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் பிடிவாதம் பிடித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். பயந்து போயிருந்தார், அதுதான் பிரச்சினை. "எங்க பாப்பாவுக்குக் காய்ச்சல் சிஸ்டர். வேண்டுதல வச்சிட்டு செய்யாம விட்டா அது எங்க வந்து இறங்கும்னு யாருக்குத் தெரியும்? எங்கப்பாவக் குடுத்த சாமிகிட்ட நான் போயி பேரம் பேசவா?" என்றார். எனக்கும் பிள்ளை இருக்கிறது. நம்பிக்கை இல்லாதவள் என்று பெயர்தான், காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு துணிந்து பாருங்கள் என்று இன்னொருத்தரிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லோடு ஆட்டோ வந்தது. கிடா ஏற மாட்டேன் என்று நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது, இரண்டு பேர் தூக்கிப் போட்டார்கள். அது கத்திய கத்தல் மெயின் ரோடு திரும்புகிறவரை கேட்டது. சொல்தா ஐயா தலையணையை எடுத்துக் காதில் பொத்திக்கொண்டார். கலியபெருமாள் ஐயா கண்ணைத் திறக்கவே இல்லை. இட்லி வைத்தது வைத்தபடி இருந்தது. எனக்கு எல்லோர் மேலும் எரிச்சல். ராஜேந்திரன் மேல், முனீஸ்வரன் மேல், எங்கிருந்தோ வந்து ஒரு மனிதரை எழுப்பி உட்கார வைத்துவிட்டுப் போன அந்த ஆட்டின் மேல்.

மதியச் சோறு முடிந்து எல்லோரும் கண் அசந்த நேரம். மாத்திரைத் தட்டோடு வந்தவள் ஐயாவின் தலையணையைப் பார்த்தேன், தொப்பலாக நனைந்திருந்தது. உடனே என் புத்தி எங்கே போகுமோ அங்கேதான் போனது, ஆனால் ஈரம் இடுப்புப் பக்கம் இல்லை, தலைப் பக்கம். சொல்தா ஐயா கூஜாவைக் கவிழ்த்துவிட்டாரா என்று பார்த்தால் கூஜா மூடியபடி இருக்கிறது, அவர் குறட்டை விடுகிறார். யார் தண்ணி ஊத்துனது என்று கத்தினேன். முணுமுணுத்துக்கொண்டே உறையைக் கழற்றி, துண்டால் தலையைத் துவட்டி, வேறு தலையணை எடுத்துக்கொண்டு திரும்பினேன். தலை மறுபடி நனைந்திருந்தது.

நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. உச்சந்தலையிலிருந்து தண்ணீர் இறங்குகிறது. நெற்றி வழியாக, காது வழியாக, தாடையில் சேர்ந்து சொட்டுகிறது. மேலே பார்த்தேன். கான்கிரீட் கூரை, ஒழுகிய தடம் இல்லை, வெளியே சுள்ளென்று வெயில், மின்விசிறி பாட்டுக்கு ஓடுகிறது. வெள்ளைத் துண்டைப் பார்த்தேன், மஞ்சளாகியிருந்தது. கிட்டே குனிந்தால் மஞ்சள் வாசனையும் வேப்பிலை வாசனையும். எங்கள் இல்லத்தில் வேப்பமரம் கிடையாது.

ஐயா பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தார். கழுத்து நரம்பெல்லாம் கயிறு மாதிரி புடைத்திருந்தது. தும்மல் வருகிறவர் தும்மாமல் அடக்குவாரே, அப்படி ஒரு முகம். இடது கை கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது. வலது கையும் பிடித்திருந்தது. அந்த வலது கையில் ஒரு டம்ளரைப் பிடிக்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், ஒரு நாளும் அது மூடியதில்லை.

வலிப்பு வருகிறது என்று நினைத்து, ஐயா என்ன பண்ணுது என்று தோளைத் தொட்டேன். பல்லைத் திறக்காமலே சொன்னார், "பேசாத. தல ஆடிடும்."

என் கை வேலையை விடவில்லை, பழக்க தோஷம். டாக்டருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. துவட்டத் துவட்டத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. மெத்தை ஊறி, தரையில் இறங்கி, அடுத்த கட்டில்வரை ஓடியது. இவ்வளவு தண்ணியையும் யார் தொடைக்கிறது என்று நான் வாய்விட்டே கேட்டேன், யாரிடம் கேட்டேன் என்று தெரியவில்லை. அப்புறம் ஒன்று நடந்தது. அவர் காதோரத்து முடி, ஈரமாக ஒட்டியிருந்த முடி, யாரோ குனிந்து ஊதினால் விலகுவது போல விலகியது. ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. காது துடித்தது. கன்னம் துடித்தது. தலை மட்டும் அசையவில்லை. அப்படியே கல்.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், கடிகாரம் பார்க்கிற நிலையில் நான் இல்லை. போட்டோ எடுத்தாயா என்றும் கேட்காதீர்கள், அப்போது என் கையில் இருந்த செல்போனில் டார்ச் மட்டும்தான் இருந்தது. ஒரு கட்டத்தில் தண்ணீர் நின்றது. ஐயா கம்பியை விட்டார். பெரிய மூச்சாக ஒன்று விட்டு, அப்படியே தூங்கிப் போனார். வலது கை பழையபடி விரிந்து கிடந்தது. மெத்தையை வெயிலில் போடத் தூக்கிக்கொண்டு போகும்போது சமையல்காரம்மா பார்த்துவிட்டு, ரசத்தைக் கொட்டிவிட்டாரா, நீ பக்கத்தில் இருந்து ஊட்டக்கூடாதா என்று என்னைத் திட்டினாள். ஆமாம் ரசம்தான் என்று சொல்லிவிட்டேன்.

வெயில் தாழ்கிற நேரத்தில் லோடு ஆட்டோ சத்தம் கேட்டது. முதலில் குதித்து இறங்கியது கிடா. உடம்பெல்லாம் மஞ்சள், இன்னும் காயவில்லை. யாரையும் பார்க்காமல் நேராக ஹாலுக்குள் ஓடியது. ராஜேந்திரன் பின்னால் இறங்கி, வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். குடம் குடமாக ஊற்றினார்களாம். பக்கத்து வயல் பம்புசெட்டுக்குப் போய் மறுபடி மொண்டு வந்து ஊற்றினார்களாம். பங்காளிகள் எல்லோரும் கும்பிட்டார்களாம், பூசாரி கற்பூரம் ஏற்றிக் கெஞ்சினாராம். "காதுல கூட ஊதிப் பாத்தாங்க சிஸ்டர். காது துடிக்குது, தல அசையல. கல்லு மாதிரி வச்சிக்கிட்டு நின்னுச்சு." கடைசியில் பூசாரி, சாமிக்கு இஷ்டமில்லை, உத்தரவு வருகிறபோது வரும், அதுவரைக்கும் கொண்டுபோய் வைத்துக்கொள் என்று அனுப்பிவிட்டார். வேண்டுதல் பழுதில்லை என்று அவரே சொல்லிவிட்டதால் ராஜேந்திரனுக்கும் ஒரு வழியில் நிம்மதி. பாப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது என்று போனும் வந்தது. நான் என் பக்கத்தில் நடந்ததை அவரிடம் சொல்லவில்லை. ஏற்கெனவே பயந்த மனிதர்.

ஐயாவுக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. தைலம் தேய்த்துவிடும்போது, அன்றைக்கு என்ன ஐயா நடந்தது என்று மெல்லக் கேட்டேன். "எனக்கு என்னம்மா தெரியும், நான் தூங்கிக்கிட்டிருந்தேன்" என்றார். கேட்டு என்ன பிரயோஜனம்? கழுத்து சரியானதும் எழுந்து நடந்தார். எனக்குப் பழையபடி புழுக்கை.

அந்த ஐப்பசி மழையில் என் எரிச்சல் இன்னும் கூடியது. கிடா வெளியே நின்று முழுக்க நனைந்துவிட்டு, சொட்டச் சொட்ட அப்படியே ஹாலுக்குள் வரும். வாசலில் ஒரு உதறு உதறிவிட்டு வரக்கூடாதா சனியனே என்று கத்துவேன். அது கேட்டதே இல்லை. அது போகிற வழியெல்லாம் நான் மாப்போடு போவேன், ஐயா கட்டிலில் உட்கார்ந்து சிரிப்பார். நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். அவர் ஆயுசில் அந்தக் கடைசிக் காலம் நல்ல காலம், அதை நான் மனதாரச் சொல்வேன்.

தை பிறந்த பிறகு ஒரு விடியலில், கிடாவின் முதுகில் கை வைத்தபடியே ஐயா போய்விட்டார். அது அசையாமல் படுத்திருந்தது, நான்தான் அந்தக் கையை எடுத்தேன். ராஜேந்திரன் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மா பிணத்தை மாடி ஏற்றக் கூடாது என்றுவிட்டாள். அதனால் குளிப்பாட்டுவது எங்கள் பின்கட்டிலேயே என்று ஆனது. ஊரிலிருந்து பங்காளிகள் வந்தார்கள். ஐயாவை அடிபம்பு பக்கத்தில் பெஞ்சில் சாய்த்து உட்கார வைத்து, எண்ணெயும் சீயக்காயும் வைத்தார்கள். கிடாவை நான் கொய்யா மரத்தில் கட்டியிருந்தேன். அது தள்ளி, அந்தக் கோடியில், வெயிலில் நின்றிருந்தது. ஒரு சொட்டுகூட அங்கே தெறிக்காது. ஏதோ காகிதத்தை மென்றுகொண்டிருந்தது, என்னுடைய மாத்திரைச் சீட்டாகத்தான் இருக்கும்.

ராஜேந்திரன் முதல் குடத்தை எடுத்து அப்பாவின் தலையில் ஊற்றினார். கிடா மெல்லுவதை நிறுத்தியது. தலையைத் தூக்கியது. தலையிலிருந்து வால்வரை, காது இரண்டும் படபடவென்று அடிக்க, ஒரு சிலுப்பு சிலுப்பியது. காய்ந்த உடம்பை.

குடம் ராஜேந்திரன் கையிலேயே நின்றுவிட்டது. அன்றைக்குக் கோயிலில் நின்ற பங்காளிகள்தான் சுற்றி இருந்தார்கள், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. வயதில் மூத்த ஒருவர்தான் மெதுவாகச் சொன்னார், "உத்தரவு ஆயிடுச்சு. ஊத்துப்பா."

ஈ கடித்திருக்கும் என்றார் என் வீட்டுக்காரர். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அப்புறம் ஒரு நாள் தரை துடைத்துக்கொண்டிருக்கும்போது அந்த ஐப்பசி மழை ஞாபகம் வந்தது. அவ்வளவு மழையில் நனைந்தும், நான் அவ்வளவு கத்தியும், கோயிலிலிருந்து திரும்பி வந்த நாளிலிருந்து அது ஒரு தடவையாவது சிலுப்பி நான் பார்த்தேனா என்று யோசித்தேன். பார்க்கவில்லை. ஐயா போன பிறகு எல்லா ஆட்டையும் போலத் தாராளமாகச் சிலுப்பியது, என் புடவையெல்லாம் சேறு. ராஜேந்திரன் அதைத் திரும்பக் கேட்கவில்லை. அது சொல்தா ஐயாவின் கட்டிலடிக்கு மாறிக்கொண்டு, அவர் ரொட்டியைத் தின்று கிழடாகிச் செத்தது.

எனக்கு இன்னும் நம்பிக்கை கிடையாது. கோயிலுக்குப் போனால் செருப்பு பத்திரமாக இருக்குமா என்றுதான் யோசிப்பேன். ஒன்றே ஒன்றுதான் மாறியது. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்து முதல் சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றும்போது உடம்பு தானாகச் சிலுப்பப் பார்க்கும். நான் விடுவதில்லை. எங்கே யார் தலையில் தண்ணீர் ஊற்றி, யார் என் பதிலுக்குக் காத்திருக்கிறார்களோ, எனக்கு எப்படித் தெரியும்? பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்தை விறைத்துக்கொண்டு, தண்ணீர் முழுக்க வடிகிறவரை நிற்பேன். என் வீட்டுக்காரர் கதவைத் தட்டி, உள்ளே இவ்வளவு நேரம் என்ன பண்ணுகிறாய் என்று சத்தம் போடுவார். நான் பதில் சொல்வதில்லை. பேசினால் தலை ஆடிவிடும்.